காப்பித் தொலிச் சாயம்

திருப்பூர் ரயிலடிக்குப் போகிற வழியில் தண்டாயுதபாணி முதலியாரின் காப்பிக் கடை இருந்தது. தறி நெய்த குடும்பம் அவருடையது. தறியில் வருமானம் குறையவே, காப்பிக்கொட்டை வாங்கி வறுத்து அரைத்து விற்க ஆரம்பித்தார். கொட்டை வறுக்கிற வேலை கிட்டுசாமியுடையது. கரியடுப்பின் மேல் கிடக்கும் இரும்பு உருளையைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கொட்டை கருகிவிடும். சுற்றுகிற கைக்கு ஓய்வு கிடையாது, புகை குடிக்கிற கண்ணுக்கும் ஓய்வு கிடையாது.

கிட்டுசாமி பிறவியில் காட்டுக்காரன், விவசாயக் குடும்பம். பல்லடத்துக்குத் தெற்கே அவன் அப்பனுக்குப் பூமி இருந்தது. கிணறு வற்றியது, பூமி கைமாறியது, அவன் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டான். பண்ணையம் பார்த்த வம்சத்தில் பிறந்துவிட்டு ஒருவர் கடையில் கூலிக்கு நிற்கிறோமே என்பது அவனுக்குச் செருப்பில் ஏறிய முள்ளாக இருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது கடைப்பக்கம் வந்தால் உருளையை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றுகொள்வான்.

பின்கட்டில்தான் அந்தக் குப்பை கிடந்தது. காப்பிக்கொட்டை வறுபடும்போது அதன் மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய தொலி கழன்று வரும். வறுத்த கொட்டையை முறத்தில் போட்டுப் புடைத்தால் பஞ்சு மாதிரிப் பறக்கும். அதோடு கருகின கொட்டையும் நொய்யும் சேர்ந்து சுவரோரத்தில் குவியும். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் சலவைக் களம். வெளுத்த துணியைக் கயிறு கட்டிக் காயப்போட்டிருப்பார்கள். காற்றடித்தால் தொலி சுவரைத் தாண்டிப் போய் ஈரத் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழும். கம்பெனிக்காரர் துணியைக் கையில் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்துவிடுவார்.

"எத்தனை தேச்சாலும் போக மாட்டேங்குதுங்க முதலியாரே. வெள்ளைப் பனியன்ல இப்படிப் புள்ளி புள்ளியா இருந்தா எவன் வாங்குவான்?"

அவர் போனதும் முதலியார் பின்கட்டுக்கு வருவார். "கிட்டுசாமி, இந்தக் கருமத்தை எங்கியாச்சும் கொண்டுபோய்க் கொட்டுங்க. எதுக்காச்சும் ஒதவுமான்னு பார்த்தா, மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிருது" என்பார்.

தேய்த்தாலும் போகாத கறை என்ற அந்தப் பேச்சு கிட்டுசாமியின் மனசில் எப்படியோ தங்கிவிட்டது.

அந்த வருஷம் அவனுடைய மச்சினன் பொங்கியண்ணனுக்கு மூலனூரில் கல்யாணம் கூடிவந்தது. பொங்கியண்ணன் கிட்டுசாமியின் பெண்டாட்டி மாரக்காளுக்கு ஒரே தம்பி. கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய வேண்டியவள் அவள்தான். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனுக்கு இணையாக மணையில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தலில் அத்தனை கண்ணும் அந்த ஒருத்தி மேல்தான் இருக்கும். கூடப் பிறந்தவளுக்கு வாழ்நாளில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது.

இணைச்சீருக்குச் சீலை எடுப்பது பிறந்த வீட்டு வழக்கம். நிச்சயத்துக்குப் போன அன்று மாமனார் அந்தப் பேச்சை எடுத்தார்.

"மாரக்காளுக்குச் சீலை நாங்க எடுத்துப்போடறமுங்க மாப்பிள்ளை. காப்பிக் கடையில கொட்டை வறுத்து நீங்க என்னத்தைச் சம்பாரிச்சரப் போறீங்க."

அவர் இளக்காரமாகச் சொன்னாரோ, பரிந்து சொன்னாரோ, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பக்கத்தில் நாலு பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் பொண்டாட்டிக்குச் சீலை எடுக்க எனக்குத் தெம்பு இருக்குதுங்க மாமா. கோயமுத்தூர்ல போய் எடுத்தாறேன். நீங்க எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரக்காள், "அப்பா எடுத்துக் கொடுத்தா வாங்கிக்கிட்டா என்னுங்க? அது முறைதானுங்களே" என்றாள். அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கல்யாணம் நெருங்கியது. மகளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள். கையில் இருந்ததெல்லாம் வைத்தியருக்குப் போனது. முதலியாரிடம் கேட்கலாம் என்று பார்த்தால், கொட்டை வராமல் அவரே அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமனாருக்கு ஆள் அனுப்பி நீங்களே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பழுப்புப் புள்ளி ஞாபகத்துக்கு வந்தது. மாரக்காளிடம் சந்தன நிறத்தில் ஒரு நூல் சீலை இருந்தது. அரக்குக் கரை. கரை அப்படியே பளிச்சென்று இருக்க, உடல் மட்டும் வெளுத்துச் சோகை பிடித்திருந்தது. கடை மூடியிருந்த ஒரு பகலில் அதைக் கொண்டுபோய், பின்கட்டில் பெரிய அண்டாவில் தொலியையும் கருகின கொட்டையையும் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்த நீரில் சீலையை முக்கிப் பிரட்டிப் பிரட்டி எடுத்தான். காய்ந்தபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. தேன் நிறம். கொம்புத் தேனை வெயிலில் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அரக்குக் கரை அதற்கென்றே நெய்த மாதிரிப் பொருந்தியிருந்தது. கஞ்சி போட்டு, பலகைக்கு அடியில் வைத்து மடிப்பு நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

மாரக்காள் பிரித்துப் பார்த்தாள். முந்தானையைத் தடவினாள். அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய், ஒரு மூலையைச் செம்புத் தண்ணீரில் நனைக்கப் போனாள்.

"எதுக்கு நனைக்கறே?"

"சாயம் நிக்குதான்னு பார்க்கலாமுங்க. சடங்குல தண்ணி பட்டுதுன்னா?"

"வெள்ளைப் பனியன்ல ஒட்டினதே தேச்சாப் போக மாட்டேங்குது. இது அண்டாவுல கொதிச்சது. உனக்கு எதுலயும் நம்பிக்கை கெடையாது. கஞ்சி மடிப்பு கெட்டுப்போயிரும், வையி அக்கட்டால."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

மூலனூரில் இறங்கினதிலிருந்து கிட்டுசாமிக்கு நடையே மாறிவிட்டது. சீலையைப் பார்த்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மாரக்காளின் சித்தப்பன் மகள் பழனாத்தாள், முந்தானையைக் கையில் பிடித்து, "எங்கக்கா எடுத்தீங்க? இந்த நெறத்துல நான் பார்த்ததே இல்லையே" என்றாள். மாரக்காள் வாய் திறக்கும் முன்னால் கிட்டுசாமி, "கோயமுத்தூருங்க அம்மிணி. புதுசா வந்த சரக்கு" என்றான். மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் அத்தனையும் செய்தது. அது கிடைத்துவிட்டது. அத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இணைச்சீருக்கு மாரக்காளைத் தம்பிக்கு இடப்பக்கம் மணையில் உட்கார வைத்தார்கள். பொங்கியண்ணன் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். சித்திரை மாசத்து வெக்கை. பந்தலில் கூட்டம் நெரிந்து அக்காளும் தம்பியும் வேர்த்து ஒழுகினார்கள். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கைகளை நீட்டச் சொல்லிச் செம்பிலிருந்து நீர் வார்த்தார். வார்த்த நீர் மாரக்காளின் மடியில் விழுந்து, சீலை வழியாக இறங்கி, தம்பியின் தொடைப்பக்கம் போய் நின்றது.

முதலில் பார்த்தவள் ஒரு சின்னப் பெண். "மாப்பிள்ளை வேட்டியில என்னமோ கறை" என்றாள். அதற்குள் பழுப்பு நீர் வேட்டியில் கையகலம் பரவிவிட்டது. மாரக்காள் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சீலையைச் சுருட்டிப் பிடித்தாள். பிடித்த கையெல்லாம் பழுப்பானது. மணையில் போட்டிருந்த வெள்ளை விரிப்பிலும் இறங்கியது. மங்கலக் காரியத்தில், மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில், சாணித் தண்ணீரைக் கொட்டின மாதிரி. காப்பி நாற்றம் வேறு கிளம்பியது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்கியும் கேட்டது.

அருமைக்காரர் கையை நிறுத்தினார். வயசானவர், கோபிக்கிற ஆள் இல்லை. "இது என்னங்க சீலை?" என்று பொதுவில் கேட்டார்.

மாமனார் கிட்டுசாமியைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, கோயமுத்தூர்ல எந்தக் கடையிலங்க எடுத்தீங்க?"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. ஒரு வார்த்தை போதும், நான்தான் முக்கினேன் என்று. அந்த வார்த்தை கிட்டுசாமிக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்தது, போய்விட்டது. வேறொன்று வெளியே வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க மாமா. நான் எடுத்துக் கொடுத்த சீலை இது இல்லீங்க. இவ எதையோ கட்டிக்கிட்டு வந்திருக்கறா. அவளையே கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

மாரக்காள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாந்தாங்கப்பா. அவிய எடுத்துக் கொடுத்ததை வைத்தியச் செலவுக்கு வித்துப்போட்டேன். பழைய சீலையைக் காப்பித் தண்ணியில முக்கிக் கட்டிக்கிட்டு வந்தேன். அவியளுக்குத் தெரியாது."

அருமைக்காரர், "சரி சாமி, ஆனது ஆச்சு. மாப்பிள்ளைக்கு வேட்டி மாத்துங்க. நேரம் போகுது, பழனாத்தாளை உட்காரச் சொல்லுங்க" என்றார். சித்தப்பன் மகளும் தங்கச்சி முறைதானே. பழனாத்தாள் வந்து மணையில் உட்கார்ந்தாள். மாரக்காள் எழுந்து, சீலையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சமையல் நடக்கிற பக்கம் போனாள். மிச்சச் சீரெல்லாம் பழனாத்தாள்தான் செய்தாள். மாரக்காள் யாரோ கொடுத்த மாத்துச் சீலையைக் கட்டிக்கொண்டு, தேங்காய் துருவுகிற பெண்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவினாள். கெட்டிமேளம் கேட்டபோதும் எழுந்து வரவில்லை.

ஊருக்குத் திரும்பின பிறகு அவள் கத்துவாள், அழுவாள் என்று கிட்டுசாமி எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் பதிலுக்கு இவனும் கத்தியிருப்பான், எங்காவது ஒரு முனையில் காலில் விழுந்திருப்பான். அவள் ஒன்றும் பேசவில்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள். பிறந்த வீட்டுக்கு மட்டும் போகாமல் நின்றுவிட்டாள். பொங்கலுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, "அவியளுக்குக் கடையில வேலை இருக்குதுங்க" என்றாள். அடுத்த பொங்கலுக்கும் அதேதான். தன் மேல் உள்ள கோபத்தைப் பிறந்த வீட்டின் மேல் காட்டுகிறாள் என்று கிட்டுசாமி நினைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்துப் பேச அவனுக்குக் கூசியது. சோற்றுத் தட்டைப் பார்த்துப் பேசுவான், சுவரைப் பார்த்துப் பேசுவான்.

கடையில் மறுபடியும் அடுப்பு எரிந்தது. தொலி குவிந்தது. அதைக் கண்ணால் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. காற்றடித்துக் களத்துக்குப் போனாலும் போகட்டும் என்று விட்டான். கம்பெனிக்காரர் வந்து கத்தினார். முதலியார், "இனியும் இப்படி இருந்தா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதானுங்க" என்று சொல்லிவிட்டார். அதை வீட்டில் சொல்லவும் வாய் வராமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மாரக்காள், "ஊட்டுக்குக் கொண்டாங்க" என்றாள்.

"எதை?"

"அந்தத் தொலியைத்தானுங்க."

சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். தெருவில் போகும்போது சாக்கிலிருந்து வந்த வாசனை, மூலனூர்ப் பந்தலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது. தலையைக் குனிந்துகொண்டே வந்து கொல்லையில் போட்டான். மாரக்காள் அதைச் சாணியோடு பிசைந்து ராட்டி தட்டினாள். வெறும் சாணி ராட்டியைவிட அது நின்று எரிந்தது, புகையும் குறைச்சல். தெருப் பெண்கள் இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். கருகின கொட்டையை இடித்துச் சாம்பலோடு கலந்து பாத்திரம் துலக்கினாள், பித்தளைக் குடத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போனது. சாயங்காலத்தில் ஒரு சட்டியில் தொலியைக் கனிய விட்டால் கொசு அண்டவில்லை. கொல்லை முருங்கைக்கு அடியில் மிச்சத்தைக் கொட்டி வைத்தாள். கோடையில் ஊரெல்லாம் மண் வெடித்துக் கிடக்க, அந்த ஒரு இடம் மட்டும் கைவிட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. அவள் அதை அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் தானாக அவனைக் கூப்பிட்டு எதையாவது காட்டினது அதுதான் முதல் தடவை.

"பாருங்க, தண்ணி ஊத்தி நாளாச்சு. ஈரத்தை விடாமப் புடிச்சுக்கிட்டு இருக்குது."

அவன் மண்ணில் கையை வைத்துப் பார்த்தான். நல்லது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தத் தொலியைப் பற்றி அவளிடம் பேச எந்தத் தகுதி தனக்கு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

இதற்கு நடுவில் அவன் ரகசியமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறையில் கன்னையன் என்று ஒருவன் வேலை செய்தான். கடைக்குத் தூள் வாங்க வருவான், இவனைவிட இளையவன், வாயாடி. அவனிடம் போய், காப்பித் தண்ணீர்ச் சாயம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டான்.

"கறைங்கறது வேற, சாயங்கறது வேறங்கண்ணா" என்றான் கன்னையன். "கறையாகறதுக்கு ஒரு சொட்டு போதும். சாயம் நிக்கோணும்னா நூலு அதைப் புடிச்சு வெச்சுக்கோணும். கடுக்காய்த் தண்ணியில ஊறப் போடுங்க, படிகாரம் போடுங்க, அன்னபேதி உப்புக் கொஞ்சம் காட்டுங்க. ஆனா எதுக்குங்க இந்த வேலை? டப்பாவுல கலர் விக்குது, வாங்கிக் கரைச்சாப் போதும்."

எதற்கென்று கிட்டுசாமி சொல்லவில்லை. பழைய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு பல மாசம் முயன்றான். ஒரு தடவை திட்டுத் திட்டாக வந்தது, ஒரு தடவை கறுத்துவிட்டது. கடைசியில் ஒருநாள் சாம்பலும் பழுப்பும் கலந்த மாதிரி ஒரு நிறம் வந்தது. தேன் நிறம் இல்லை. ஆனால் எத்தனை அலசினாலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதைக் கொண்டுபோய் வீட்டில் கொடியில் போட்டான். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்த்தாள். நனைத்துப் பிழிந்தாள், பிழிந்த நீரைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அந்தத் துண்டு அடுப்படித் துணியானது. சோற்றுப்பானை இறக்க அதைத்தான் பிடித்தாள். சாயம் நின்று என்ன ஆகப் போகிறது, நிற்க வேண்டிய அன்றைக்கு நிற்கவில்லையே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மாமனார் இறந்துபோனார். சாவுக்கு இரண்டு பேரும் போனார்கள். இழவு வீட்டில் யாரும் பழசைப் பேசவில்லை. பாடையைத் தூக்கும்போது கிட்டுசாமியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மாரக்காள் சீலையை விற்றாள் என்று நம்பிக்கொண்டே அந்த மனுஷன் போய்விட்டாரே என்ற நினைப்பு மூங்கிலைவிடத் தோளில் அழுத்தியது. அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. ஒருநாள் பொங்கியண்ணன் முருங்கைக்காய்க் கட்டோடு திருப்பூர்ச் சந்தைக்கு வந்தவன் கடைக்கு வந்தான். இந்தத் தடவை கிட்டுசாமி பின்கட்டுக்கு ஓடவில்லை. ஓட இடமில்லாமல் உருளைக்கு முன்னால் மாட்டிக்கொண்டான்.

"காய் பிஞ்சிலயே உதிருதுங்க மச்சான். கெணத்துல தண்ணி அடியில கெடக்குது. பாய்ச்சுன ஈரம் மறுநாளே காணாமப் போயிருது. இந்த வருசம் மரம் நின்னாலே பெருசுங்க" என்றான் பொங்கியண்ணன்.

கிட்டுசாமி கொஞ்ச நேரம் உருளையைச் சுற்றினான். பிறகு, "மாப்ளே, மரத்துக்கு அடியில போடறதுக்கு ஒண்ணு தாரேன். அது ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும்" என்றான்.

அடுத்த வாரமே முதலியாரிடம் கேட்டு, சேர்ந்து கிடந்த தொலியையெல்லாம் சாக்குகளில் திணித்து, தாராபுரம் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு மூலனூர் போனான். மாரக்காளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் காட்டில் இறங்கி, மரத்துக்கு மரம் பாத்தி எடுத்து, தண்ணீர் விட்டு, அதன் மேல் தொலியைப் பரப்பி மண் போட்டார்கள். காட்டில் வேறு ஆள் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கை நிறையத் தொலியோடு குந்தியிருந்தபோது, கிட்டுசாமிக்கு இனியும் தாங்காது என்று தோன்றியது.

"மாப்ளே, உங்க கல்யாணத்துல உங்கக்கா கட்டிக்கிட்டு வந்த சீலை. அதை முக்குனது அவ இல்லீங்க, நான். இதே தொலியிலதான். அவ எதையும் விக்கவும் இல்லை. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நான் பொய் சொன்னேன். அவ எனக்காக அதைவிடப் பெரிய பொய்யைச் சொன்னா."

சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்தான்.

பொங்கியண்ணன் மண்வெட்டியை நட்டு வைத்தான். அவனுக்கும் சங்கடமாக இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியுமுங்க மச்சான்" என்றான்.

கிட்டுசாமி நிமிர்ந்தான்.

"அன்னிக்கே தெரியுமுங்க. நீங்க வந்து எறங்குனப்பவே உங்க நகமெல்லாம் காப்பிக் கலரா இருந்துச்சு. அக்கா கை மணையில உட்கார்ற வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. சாயம் முக்குனது யாருன்னு பந்தல்ல இருந்த அத்தனை பேத்துக்கும் தெரியுமுங்க. அப்பாவுக்கும் தெரியும். அருமைக்காரர்தான், 'புள்ள புருசனைக் காப்பாத்தறா, நாம அதைக் கெடுக்க வேண்டாம்'னு சொல்லி எல்லார்த்தையும் வாய மூட வெச்சாரு. அப்பா சாகற வரைக்கும் யாரையும் பேச விடலீங்க."

காட்டில் ஒரு காக்கா கத்தியது. கிட்டுசாமிக்கு உடம்பெல்லாம் பந்தலில் நிற்கிற மாதிரி எரிந்தது. இத்தனை வருஷமாகத் தான் ஒரு பொய்யை மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். மறைக்கவே இல்லை. சாவு வீட்டில் பாடை தூக்கும்போது பக்கத்தில் தோள் கொடுத்தவனுக்குத் தெரியும். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று பாய் போட்டவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை பேரும் 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். நாலு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மூலனூரில் சாப்பிடாமலே பஸ் ஏறினான். பொங்கியண்ணன் எவ்வளவோ கூப்பிட்டும் கேட்கவில்லை.

வீட்டில் மாரக்காள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். மூலனூர் போனதை, தொலி போட்டதை, பொங்கியண்ணனிடம் சொன்னதை. எல்லாருக்கும் தெரியும் என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான். தன்னைக் காப்பாற்ற அவள் தாங்கின அவமானம் வீணாகப் போனது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமே என்று பார்த்தான்.

அவளே கேட்டாள். "தெரியும்னு சொன்னானுங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பழனாத்தா சமையக்கட்டுக்கு வந்து கேட்டுப்போட்டா. 'உங்க ஊட்டுக்காரரு நகத்தைப் பார்த்தீங்களாக்கா'ன்னு."

"அப்பறம் ஏன் புள்ள அம்மா ஊட்டுக்கே போகாம இருந்தே? என் மேல கோவம்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

மாரக்காள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "கோவம் இல்லாம இருக்குமுங்களா. இருந்துச்சு. என்னோட தம்பிக்குச் சீரு செய்ய இன்னொருத்தி உட்கார்ந்தா. அது போனது போனதுதான். அதை நீங்க எத்தனை துண்டு முக்குனாலும் திருப்பித் தர முடியாதுங்க. ஆனா அதுக்காகப் போகாம இல்லை. நான் போனா நீங்களும் வரோணும். நீங்க வந்தா எவளாச்சும் வாய் தவறி உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுப்போடுவா. அப்பறம் நீங்க எப்படீங்க அந்த ஊட்டுல கை நனைப்பீங்க? உங்களுக்குத் தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன்."

பந்தலில் ஒரு நிமிஷம் அவளைக் கைவிட்டதற்காகக் கிட்டுசாமி இத்தனை வருஷம் வெட்கப்பட்டிருந்தான். அந்த வருஷங்களிலெல்லாம் அவள் தன் தாய் வீட்டையே அவனுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு வெட்கப்படவாவது அவனுக்குத் தெரிந்திருந்ததா? அதுவும் இல்லை.

"இனிப் போகலாமுங்க" என்றாள் அவள். "இனி மறைக்கறதுக்கு என்ன இருக்குது."

பொங்கலுக்குப் போனார்கள். அவளை வாசலில் பார்த்ததும் பொங்கியண்ணனின் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கிட்டுசாமி ஆண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். முருங்கை அந்த வருஷம் பட்டுப் போகாமல் நின்றிருந்தது. அமோகம் என்று சொல்ல முடியாது, ஆனால் அக்கம்பக்கத்துக் காடுகளில் காய்ந்தபோது பொங்கியண்ணன் காட்டில் பச்சை இருந்தது. அதைப் பார்த்துச் சுற்றுக்காட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலியார் கடைத் தொலி போதவில்லை. திருப்பூரில் காப்பி வறுக்கிற மற்றக் கடைகளிலும் போய்க் கேட்டு, சும்மா கொட்டுகிறதைச் சாக்கில் கட்டி அனுப்புகிற வேலை கிட்டுசாமிக்குக் கூடுதலாக வந்து சேர்ந்தது. சலவைக் களத்தில் புள்ளி விழுவது நின்றது. கம்பெனிக்காரர் தீபாவளிக்கு இரண்டு பனியன் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னாளில் அவனுக்குத் தலை நரைத்து, மகளுக்குக் கல்யாணமாகி, முதலியார் கடையில் மோட்டார் வைத்த உருளை வந்துவிட்ட காலத்தில், அவனைப் பாதி ஊர் தொலிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஒருநாள் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து மணியன் என்று ஒரு விவசாயி வீடு தேடி வந்தார். தொலி கேட்டு வந்தவர், மரியாதைக்கு நாலு வார்த்தை சொன்னார்.

"குப்பைன்னு கொட்டினதுல இத்தனை இருக்குதுன்னு கண்டுபுடிச்சிருக்கீங்களே. நல்ல மூளைங்க உங்களுக்கு."

"நான் கண்டதில்லீங்க. எங்க ஊட்டுல அவ கண்டது" என்றான் கிட்டுசாமி. "நான் அதை வெச்சு ஒரு சீலையைக் கெடுத்தேன். எங்க மச்சினன் கல்யாணத்துல, இணைச்சீர்ல. கெடுத்துப்போட்டு, அவதான் செஞ்சான்னு சொன்னேன்."

வந்தவர் சாக்கு இருக்கிற பக்கம் பார்த்தார். கேட்காமலே சொல்கிற பழக்கம் கிட்டுசாமிக்கு வந்துவிட்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூடச் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கும். எத்தனை தடவை சொன்னாலும் அது பழகவில்லை.

உள்ளே இருந்து மாரக்காளின் குரல் வந்தது. "அவியளுக்கு நேரமாகுதுங்க. சாக்கை எடுத்துக் கொடுத்து அனுப்புங்க."

"இரு, சொல்லி முடிச்சர்றேன்" என்றான் கிட்டுசாமி.